ஆட்டிறைச்சி இல்லாத கலியாணம்

மே 4, ஞாயிறு

மழை. கூதல். மே மாதமாம், வெட்கம் கெட்ட காலநிலை.

பிறம்ரன் நகருக்குப் போய் வந்தது. மகள் அபிக்கு மாமியாராகப் போகிறவரின் வீடு. நைஜீரியாக்காரர், முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலை. அவர்களின் ஆட்களில் தாயை மூத்த மகனின் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். மம்மா எமேக்கா. எமேக்கா எங்கள் மாப்பிள்ளை.

மலர் வரவில்லை. தலையிடி. அபியோடு நான் மட்டும் போய், பெண்சாதிக்குத் தலையிடி என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு இருந்தேன். அபி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு விசயம் பேசத்தான் கூப்பிட்டார்கள். கலியாணம் ஜூன் 7. காலையில் ஹோலில் தாலி, மத்தியானம் அங்கேயே சாப்பாடு. சேர்ச் ஆசீர்வாதம் முதல் நாள், வீட்டாட்கள் மட்டும். ஆக, பெரிய பந்தி இது ஒன்றுதான். அவர்கள் பக்கம் முந்நூறு பேர் மட்டில். எங்கள் பக்கம் எத்தனை என்று கேட்டார்கள். "பார்ப்போம்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது.

மம்மா எமேக்கா எழுதி வைத்திருந்தது:

ஜொலொஃப் சோறு (தக்காளியும் மிளகாயும் போட்டுச் சிவக்கச் சமைப்பது)
மொய் மொய் (கௌபிப் பயறு அரைத்து அவிப்பது, எங்கள் இட்டலிக்குத் தூரத்துச் சொந்தம்)
எகூசி, மெலன் விதைக் குழம்பு. அதோடு இடித்த கிழங்கு
பொரித்த வாழைப்பழம்
கோழி, மீன்
ஆடு. ஆட்டுக்குக் கீழே மட்டும் கோடு.

பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், பொம்பிளையின் தாய் என்ன விரும்புகிறார் என்று. தங்கள் வீட்டில் பொம்பிளையின் தாய் ஒன்று சொன்னால் அதற்கு மேலே பேச்சில்லையாம்.

என் வாய் சும்மா கிடந்திருக்கலாம். முதல் நாள்தான் மலர் சொன்னாள்: "மச்சம் காய்ச்சிற கலியாணவீட்டு வாசலையும் நான் மிதிக்கமாட்டன்." அது சொல்லுக்குச் சொல் காதில் நின்றது. இறைச்சி மீன் இல்லையென்றால் அவ கட்டாயம் வருவா என்று சொல்லிவிட்டேன். முழு ஹோலுக்குமா, உங்கள் பக்கத்துக்கு மட்டுமா என்று எமேக்கா கேட்டான். முழு ஹோலுக்கும் என்றேன். முட்டையும் இல்லை என்றேன். ஆர் என்னைப் பிடித்துத் தள்ளினார்களோ தெரியாது.

மம்மா எமேக்காவின் தமையன் ஹியூஸ்ரனில் இருந்து வந்து நிற்கிறார். பகிடி என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இறைச்சி இல்லாத கலியாணம் என்றால் மாப்பிள்ளை வீடு நொடிந்துபோச்சு என்று சனம் கதைக்கும், கதை லேகோஸ் வரைக்கும் போகும் என்றார். எங்களில் மச்சம் காய்ச்சிப் படைப்பது எட்டுச்செலவுக்கு, செத்த எட்டாம் நாள். கலியாணத்தில் மச்சம் என்றால் எங்கள் சனத்துக்கு அபசகுனம். இதை இங்கிலீசில் சொல்லப் போய், பிணம், எட்டு, ஆடு என்று ஏதோ உளறி, அவர்களை இன்னும் பயப்படுத்தினேன்.

அண்ணனும் தங்கச்சியும் தங்கள் பாசையில் கொஞ்ச நேரம் வாக்குவாதம். பிறகு மம்மா எமேக்கா பேனாவை எடுத்து வெட்டினார். மீன். கோழி. ஆட்டில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அதையும் வெட்டினார். "தாய்க்காக" என்றார். ஒரே ஒரு கேள்வி: கலியாணத்தன்று தன் பக்கத்தில் இருந்து அவ சாப்பிடுவாவா?

கட்டாயம் என்றேன்.

காரில் அபி: "அப்பா, அம்மா றியலி அப்படிச் சொன்னவவோ? ஷீ இஸ் கமிங்?"

"ஓம் பிள்ளை."

அழுதாள். சந்தோசத்தில்தான். நான் றேடியோவைப் போட்டேன்.


மே 5, திங்கள்

காலை ஓட்டம் பிந்தியது. நான் ஓட்டும் ஸ்கூல் பஸ்சில் ஒரு சின்னன் சத்தி எடுத்தது. வாளியும் தும்புக்கட்டையுமாக நான். அறுபத்திரண்டு வயதில்.

மத்தியானம் மலரிடம் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுக்கச் சைவமோ?"

"முழுக்க."

"அவையள் ஓமெண்டவையோ?"

"ஓம். ஆட்டையே வெட்டிப்போட்டினம். பேனையால."

சிரிக்கவில்லை. கத்தி நின்றது, பிறகு நடந்தது. "உவையள் கூனி இறால் போடாமல் ஒண்டும் சமைக்காயினம். யூரியூப்பில பாத்தனான்."

யூரியூப்பில் பார்த்திருக்கிறாள்! பின்னேர ஓட்டம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு ஓடினேன். வர மனமில்லாதவள் எதற்கு அவர்களின் சமையலைத் தேடிப் பார்க்கிறாள்? நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். விசரன்.


மே 9, வெள்ளி

வெயில், காற்று.

கேற்றறிங் செய்பவர் பிளெஸ்ஸிங், ரெக்ஸ்டேலில் கடை. கேட்கவேண்டியவை என்று பஸ்சுக்குள் இருந்து எழுதினது:

கூனித்தூள் எதில் எதில்? (எல்லாவற்றிலும்.)
ஜொலொஃப்புக்குக் கோழிச்சாறுக் கட்டி கரைப்பதா? (கரைப்பதுதான்.)
மொய் மொய்க்குள் முட்டை? (ஓம்.) மீன்? (அதுவும்.)
ஆடு காய்ச்சின சட்டியா? புதுச் சட்டி வாங்கேலுமா?

சட்டிக் கேள்வியோடு பிளெஸ்ஸிங்குக்குக் கோபம் வந்துவிட்டது. என்னை "டாடி" என்கிறார். எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம் இருந்தால் பெரிய காரியம். "டாடி, கூனி இல்லாத எகூசியைச் சாப்பிடுறதும் சுவரை நக்கிறதும் ஒண்டு" என்ற மாதிரி ஏதோ சொன்னார். போனுக்குப் பின்னால் யாரோ கோழி பொரிக்கும் சத்தம். எனக்கும் பசி.

கடைசியில் ஒத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறார்கள். இந்தச் சனம் இவ்வளவு இலேசில் ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும்.


மே 17, சனி

ருசி பார்க்கும் நாள். மம்மா எமேக்கா வீட்டில்.

மலர் வாறேன் என்றாள். சொன்னது மட்டுமில்லை, மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். நான் வாயே திறக்கவில்லை, திறந்தால் கெட்டுவிடும் என்று. அதற்குள் மார்க்கம் நகரில் இருந்து அவளின் தமையன் போன். குசினிக் கதவு சாத்தியிருந்தும் கேட்டது: "நான் எங்க அண்ணை போறன்... இல்லை... சும்மா அவர் கேட்டவர்..." சேலை திரும்பவும் அலுமாரிக்குள். இடுப்பு, நாரி நோகுதாம்.

தனியே போனேன். நாரி நோ என்று இங்கிலீசில் சொன்னேன். மம்மா எமேக்கா நேர்ஸ் அல்லவா, எந்த இடத்தில், எப்போதிருந்து, காலுக்கு இறங்குகிறதா என்று விசாரித்தார். நான் என் நாரியைத் தொட்டுக் காட்டிக் காட்டி மறுமொழி சொன்னேன்.

இரண்டு நாளாகச் சமைத்திருக்கிறார். ஜொலொஃப்புக்குக் கோழித்தண்ணி இல்லாதபடியால் தக்காளியைச் சுட்டு அரைத்து, அடியில் கொஞ்சம் பிடிக்கவிட்டு, புகை மணத்தோடு இறக்கியிருந்தார். அருமை. ஆட்டுக்குப் பதில் பலாக்காய் என்று நான்தான் சொல்லியிருந்தேன், தமிழ்க்கடையில் ரின்னில் விற்பது. அதை ஆட்டுக்குப் போடும் சரக்கெல்லாம் போட்டுக் காய்ச்சியிருந்தார். தமையன் ஒரு துண்டை வாயில் போட்டு, கனநேரம் சப்பி, இது என்ன மிருகம் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்காமல் இன்னொரு துண்டு எடுத்தார். எகூசி சரியில்லை. பொய் சொல்லக்கூடாது, சரியே இல்லை. மம்மா எமேக்காவுக்கும் தெரியும். மூன்றாம் தரம் காய்ச்சினதாம், அப்படியும் சரி வரவில்லையாம். கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். முகத்தை எனக்குக் காட்டவில்லை.

மலருக்கென்று தனியாக ஒரு பெட்டி கட்டித் தந்தார். ஒரு துணியும். கடும் நீலம், நூல் வேலை. அதே துணியில் தனக்கும் எடுத்திருக்கிறாராம். இரண்டு தாய்மாரும் ஒரே உடுப்பு, அது அவர்களின் வழக்கம். சேலைக்கு மேலே சால்வையாகப் போட்டாலும் போதும் என்றார்.

வீட்டில் மலர் துணியைத் தடவிப் பார்த்தாள். "விலையாய் இருக்கும்" என்றாள். பையோடு அலுமாரிக்கு மேலே வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டி பிரிட்ஜுக்குள்.


மே 20, செவ்வாய்

சாப்பாட்டுப் பெட்டி பிரிட்ஜுக்குள்தான்.

"ஒரு வாய் பாருமன். வாழைப்பழம்தானே."

"நாளைக்குப் பாப்பம்."


மே 22, வியாழன்

அந்தப் பெட்டியை நின்ற நிலையில் நானே சாப்பிட்டு முடித்தேன். சோறு காய்ந்துபோயிருந்தது. பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பின்னேரம் மம்மா எமேக்கா போன். அவவுக்கு எது பிடித்தது?

வாழைப்பழம் என்றேன். நல்லாப் பிடிச்சுது என்றேன். அப்படியென்றால் இரண்டு மடங்கு போடச் சொல்லுவாராம். வேறு என்ன விரும்புவா? வடை என்றேன். உழுந்து வடை, உள்ளுக்கு மெத்தென்று. கத்தரிக்காய்ப் பால்கறி. பாயாசத்தில் கசுக்கொட்டை கூட. இது பொய்யில்லை, முப்பத்தைந்து வருசமாக அவள் பந்தியில் எதை முதலில் தொடுவாள் என்று எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி எழுதினார். வ-டை. நான் சொல்லச் சொல்ல எனக்கே அவள் வந்துவிடுவாள் போல் இருந்தது.


மே 28, புதன்

புழுக்கம். பஸ் ஏசி வேலையில்லை.

எமேக்கா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்தான். பெரிய உருவம், பஸ் படியில் குனிந்து ஏறி முன் சீற்றில் இருந்தான். நல்ல பிள்ளை. இதை எழுதத்தான் வேண்டும்: நல்ல பிள்ளை. அபிக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் லீவு போட்டவன்.

தாயின் சிநேகிதிகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதாகப் பேசிக்கொள்கிறார்களாம். பெரியப்பா ஒருவர் வரவேமாட்டேன் என்கிறாராம். அதைப் பற்றி ஒன்றுமில்லை, அங்கிள், நோ வஹாலா. பிரச்சினை இல்லை என்பதற்கு அவர்களின் சொல் அது. எப்போதும் சொல்வது. இன்று சொல்லும்போது அதில் பலமில்லை.

பிறகு கேட்டான்: "அவ வருவாவா, அங்கிள்?"

கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். அவன் இறங்கிப் போனான்.


ஜூன் 3, செவ்வாய்

இன்று கேட்டேன். நேருக்கு நேர்.

"இஞ்சரும். நீர் வாறீரோ இல்லையோ? சனிக்கிழமை கலியாணம்."

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஏலாது."

"மச்சம் ஒரு துண்டு இல்லை. கூனி இல்லை, முட்டை இல்லை. சட்டியும் புதுசு. இன்னும் என்ன?"

"சாப்பாட்டுக்காகவோ நான் பிள்ளையின்ர கலியாணத்துக்குப் போறது?"

"நீர்தானே சொன்னீர்!"

"நான் வீட்டுக்குள்ள சொன்னனான். நீங்கள் ஏன் அதைக் கொண்டுபோய் அவையளிட்டைச் சொன்னனீங்கள்?"

அவள் என் சேர்ட்டை மடித்து, கொலரை நீவி, அடுக்கின்மேல் வைத்தாள்.

பிரச்சினை சாப்பாட்டில் இருக்கவே இல்லை. ஒருநாளும் இருக்கவில்லை. எமேக்காவின் படத்தை அபி முதன்முதல் காட்டிய அன்று இவள் ஒரு சொல் சொன்னாள். ஒரே ஒருதரம். இந்தக் கொப்பியை யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் அதை எழுதமாட்டேன். அந்தச் சொல்தான் காரணம். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட மூடி. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் போய் முந்நூறு பேரின் வாயில் இருந்து இறைச்சியைப் பறித்தேன். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன் போல.


ஜூன் 5, வியாழன்

காலை ஓட்டம் முடிந்ததும் பிளெஸ்ஸிங்குக்குப் போன். ஆடு இனியும் ஏலுமா?

"டாடி! உங்களுக்கு என்ன நடந்தது?" மத்தியானத்துக்குள் சொன்னால் ஏலுமாம். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

மம்மா எமேக்கா தன் சனத்துக்கு முன்னால் தலைகுனியத் தேவையில்லை. யாருக்காகக் குனிகிறாரோ அவள் வரமாட்டாள். குறைந்தது சாப்பாடாவது ஒழுங்காக இருக்கட்டும். மம்மா எமேக்காவிடம் நேரில் போய்ச் சொல்லுவோம், காலில் விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். முதலில் அபிக்குப் போன் எடுத்தேன்.

"ஆடு போடுவம், பிள்ளை."

"நோ."

"அவையளும் பாவம்தானே."

"அப்பா, ஆடு போட்டா அம்மா வரமாட்டா எண்டு நாங்களே டிசைட் பண்ணின மாதிரி."

"அவ வரமாட்டா, பிள்ளை."

"ஐ நோ." மூக்கை உறிஞ்சினாள். "ஐ நோ, அப்பா. பட் லீவ் இற். ப்ளீஸ். எமேக்காவின்ர அம்மாவுக்கும் நான் சொல்லிற்றன். ஷீ ஸெட் லீவ் இற்."

ஆக, அவருக்கும் தெரியும். எப்போதிருந்து? வடை எழுதும்போதே தெரியுமோ?

பஸ்சுக்குள் இருந்தேன். மத்தியானம் வந்து போனது. பிளெஸ்ஸிங் இரண்டு தரம் போன் அடித்தார். எடுக்கவில்லை.


ஜூன் 6, வெள்ளி

லீவு. சேர்ச்சுக்குப் போனேன், பின் வரிசை. முழந்தாளில் எப்போது இருப்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் முன்னால் நின்றவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

நாளைக்குக் கொண்டுபோக வேண்டியது: தேங்காய், மஞ்சள், வெற்றிலை பாக்கு, குத்துவிளக்குத் திரி, எனக்கு முழங்கால் நோவுக்குக் குளிசை.

வீட்டுக்கு வந்தால் என் வேட்டி சால்வை ஸ்திரிக்கை போட்டு, கரை பிசகாமல் மடித்துக் கதிரையில் இருக்கிறது. அபிக்கென்று நாலு முழம் மல்லிகை, ஈரத்துணியில் சுற்றி. எங்கே போய் வாங்கினாள், எப்போது போனாள்? கேட்கவில்லை. அலுமாரிக்கு மேலே பார்த்தேன். துணிப்பை வைத்த இடத்திலேயே.

குசினியில் நாளைய மத்தியானத்துக்குப் பயறு ஊறப்போட்டிருக்கிறாள். சின்னக் கோப்பையில். ஒரு ஆளுக்கு.


ஜூன் 7, சனி

வெளிக்கிடுகிறேன். நல்ல வெயில், அறுந்த வெயில்.

"போயிற்று வாறன்."

"ம். மல்லிகை வாடாமல் கொண்டுபோங்கோ."


ஜூன் 7, பின்னேரம்

வந்துவிட்டேன். எழுதாவிட்டால் நித்திரை வராது.

தாலி ஏறினது. தாய் நிற்கவேண்டிய இடத்தில் நான் நின்றேன், தகப்பன் நிற்கவேண்டிய இடத்திலும் நான்தான் நின்றேன். ஐயர் பாவம், "அம்மா எங்கை?" என்று ஒருதரம் கேட்டு, பிறகு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு மேசை. அபியின் கூட்டாளிகள்தான் பாதி.

சாப்பாடு. ஜொலொஃப் ஒரு பருக்கை மிச்சமில்லை. பலாக்காய் என்ன என்று தெரியாமலே முடித்தார்கள். வாழைப்பழம் மலை மலையாக மிச்சம், இரண்டு மடங்கு அல்லவா. எகூசியைக் கிட்டப்போய் மணந்துவிட்டுத் திரும்பினவர்கள் பலர். தலையில் பெரிய பெரிய துணிக்கட்டோடு இருந்த அன்ரிமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கிங்கில் யாரோ கார் டிக்கியைத் திறந்து, சுட்ட இறைச்சிக் குச்சி விற்காத குறை. கோட் சூட் போட்ட பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். அங்கே ஹியூஸ்ரன் தமையனும். என்னைக் கண்டதும் குச்சியைப் பின்னால் ஒளித்தார். நான் கையை நீட்டினேன். ஒன்று தந்தார். கலியாண வேட்டியோடு நின்று தின்றேன். கடவுளே.

மம்மா எமேக்கா நீலத் துணியில். பக்கத்துக் கதிரை வெறுமை. ஒரு அன்ரி வந்து இருக்கப் போனார். அவர் கையை வைத்து, ஆள் இருக்கிறது என்றார். கடைசி வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

அபி தாயைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மல்லிகையை மட்டும் மணந்து மணந்து பார்த்தாள். பிறகு அழுதாள். எமேக்கா தன் கைலேஞ்சியைக் கொடுத்தான், மை எல்லாம் அதில்.

வெளிக்கிடும்போது மம்மா எமேக்கா ஒரு பெரிய கூலரைக் காரில் ஏற்றுவித்தார். "தாய்க்கு" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் மலர் குசினி மேசையில். ரீவி இல்லை, போன் இல்லை, சும்மா இருந்தாள்.

"பிள்ளை அழுதவளோ?"

"ஓம்."

"சனம்?"

"நிறைய."

கூலரைத் தூக்கி மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். சோறு. வாழைப்பழம். கத்தரிக்காய்ப் பால்கறி. வடை. வடையை எடுத்துப் பிய்த்து உள்ளே பார்த்தாள், வாயில் வைக்கவில்லை.

"உண்மையாவே சைவம்தானோ? எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"ஒரு ஆடும் அடிக்கேல்லையோ?"

"இல்லை."

பிய்த்த வடையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினாள்.

"என்ன சனமப்பா இது. கலியாணமும் அதுவுமா, அடிச்சிருக்கலாமே. நான் என்ன வரவோ போறன்?"